பல் டாக்டரின் ஸ்டியரிங்

மார்ச் 2

தம்பிக்கு,

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். நீ. உன் வீட்டுக்காரி. பெயிண்டர். வண்டிக்குச் சொந்தக்காரர் பல் டாக்டர். அவருடைய மாமனார், அந்தப் பெரியவர். ஏழாவதாக யாரும் இல்லை. மருந்துக்கடைக்காரர் சத்தம் கேட்ட பிறகு ஓடி வந்தவர், அவரை நான் சேர்க்கவில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நீ என்னைப் பற்றிச் சொன்னது இத்தனை பேர் காதிலும் விழுந்தது. உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது.

நான் மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நீ பத்து தடவை போன் செய்தாய். மகள் போனை நீட்டினாள், நான் வாங்கவில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் குறைந்துவிடும். குறைய விடுவதற்கு எனக்கு இன்னும் மனசில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நவம்பர் ஆறு, வியாழக்கிழமை. ஏழரைக்கு வந்தேன். பெயிண்டர் முந்தின நாளே விரிசலை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்டியரிங்கை மேசைமேல் வைத்திருந்தான். உள்ளே இரும்பு வளையம், மேலே கருப்பு ஓடு, ஓட்டில் ஐந்து விரிசல். டாக்டருக்குக் கை சின்னது, பிடி மெல்லிசாக வேண்டும் என்று கேட்டிருந்தார். “வாய்க்குள்ள விடுற கை, சின்னதாத்தான் இருக்கும்” என்று பெயிண்டர் சொன்னான். நீ சிரித்தாய். எட்டு மணிக்கு உன் வீட்டுக்காரி டீ கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் சர்க்கரை இல்லை. நான் கேட்கவில்லை, அவளாகவே முடிவு செய்துவிட்டாள். டீ குடித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். சிவப்புத் தோல். எப்போதும்போல ஒரு விரற்கடை குறைத்துத்தான் வெட்டினேன். குறைத்து வெட்டி, நனைத்து, இழுத்துத் தைத்தால் காயும்போது அதுவே கவ்விக்கொள்ளும். பசை கிடையாது. முன்னூற்றுப் பன்னிரண்டு தையல். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு டாக்டரும் மாமனாரும் வந்தார்கள். நீ மாட்டிக் கொடுத்தாய். பெரியவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “மாப்ள, மெதுவா” என்றார். வண்டி கேட்டைத் தாண்டி, இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய் மருந்துக்கடைச் சுவரில் ஏறியது. பெரியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. டாக்டர் இறங்கி வந்து, “ஸ்டியரிங் கைக்குள்ளயே நழுவிடுச்சுங்க” என்றார். போய்ப் பார்த்தோம். நடுக்கம்பி வளையத்தோடு சேரும் இடத்தில் தோல் சுருங்கி மடிந்து நின்றது.

அப்போதுதான் நீ சொன்னாய். “அக்காவுக்கு வயசாயிடுச்சு டாக்டர். கை தளர்ந்து போச்சு. தையல்ல இழுவை பத்தல. நான்தான் கவனிச்சிருக்கணும்.”

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் கையைப் பார்த்துச் சொன்னாய்.

நாற்பத்தாறு வருஷம் தைத்திருக்கிறேன். என் தோல் நழுவியதாக ஒருத்தன் சொன்னதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த ஸ்டியரிங் உன்னிடம்தான் இருக்கிறது என்று மகள் சொன்னாள். தோலை அறு. அறுத்து உள்ளே பார். தப்பு என் தையலிலா அதற்குக் கீழேயா என்று பார்த்து எழுது. தையல்தான் என்றால் ஊசியைத் தொட மாட்டேன். இங்கே பேத்தி கேட்கிறாள், “பாட்டி, நீ ரிட்டயர் ஆயிட்டியா?” அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை. திட்டும்போது உனக்குப் பிழை வராது.

அன்று நான் சொன்னது தப்புதான். ஆறு பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. இதைப் போனில் சொல்லத்தான் பத்து தடவை கூப்பிட்டேன். வாய் வந்தபடி வந்துவிட்டது. சுவரில் வண்டி நிற்கிறது, பெரியவர் முனகுகிறார், டாக்டர் என் சட்டையைப் பிடிக்கிற மாதிரி நிற்கிறார். அந்த நேரத்தில் யாருக்கு என்ன பேசத் தெரியும்?

தோலை அறுப்பது வேண்டாம் அக்கா. அறுத்து என்ன ஆகப் போகிறது? டாக்டர் வேறு பட்டறையில் புது ஸ்டியரிங் போட்டுக்கொண்டார். பெரியவர் கட்டுப் பிரித்துவிட்டார், வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்கிறார்கள், மற்றபடி நடமாடுகிறார். ஆறிப் போனதை ஏன் கிளற வேண்டும்? அந்த ஸ்டியரிங் பின் அறையில் ஆணியில் தொங்குகிறது. நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

இங்கே வேலை மந்தம். விரிசல் அடைப்பதும் பெயிண்ட் அடிப்பதும் நடக்கிறது. தோல் வேலை என்று வருகிறவர்களை, “அக்கா ஊருக்குப் போயிருக்காங்க” என்று திருப்பி அனுப்புகிறேன். ஒருத்தர் மூன்று தடவை வந்துவிட்டார். “உங்க அக்கா எந்த ஊருங்க, அமெரிக்காவா?” என்று கேட்டார். பெயிண்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் மேசையை யாரும் தொடவில்லை. உன் மூக்குக் கண்ணாடி ஒன்று அங்கேயே கிடக்கிறது.

என் வீட்டுக்காரியிடம் சர்க்கரை விஷயம் கேட்டேன். “அண்ணிக்கு டாக்டர் சொன்னதைத்தானே செஞ்சேன்” என்கிறாள். இனிமேல் இரண்டு ஸ்பூன் போடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் அறுபத்தைந்து ஆகிறது. சாயங்காலம் ஷட்டரை இழுத்து மூடுவதற்குள் இடுப்பு விட்டுப் போகிறது. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. வந்துவிடு.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பேனாவை உடைத்துவிட்டு அப்பாவிடம் வந்து மழை பெய்யுது என்று சொல்கிறவன் நீ.

எனக்குச் சர்க்கரையும் வேண்டாம், மூக்குக் கண்ணாடியும் வேண்டாம். ஏன் அறுக்க மாட்டேன் என்கிறாய்? பத்து நிமிஷ வேலை. என் தையல் தப்பு என்றால் அறுத்துக் காட்டி என் வாயை அடைத்திருப்பாய். நீ அறுக்காததே எனக்குச் சொல்கிறது, தப்பு கீழேதான். பெயிண்டரை நீ அவசரப்படுத்தினாய். “வியாழன் குடுத்தாகணும், வியாழன் குடுத்தாகணும்” என்று செவ்வாய் முழுக்க அவன் பின்னாலேயே நின்றாய். அவன் துருவைச் சுரண்டாமல் அடைத்திருக்கிறான். அது வெளியே தெரியக் கூடாது என்று பழியை என் கையில் வைத்துவிட்டாய்.

பழைய வண்டிக் கண்காட்சி உனக்கு நினைவிருக்கிறதா? பச்சை வண்டி ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்து, “யார் தைச்சது?” என்று ஒரு அம்மா கேட்டார்கள். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். நீ, “நம்ம பட்டறையில தைச்சதுங்க” என்றாய். பட்டறைக்குக் கை இருக்கிறதா? பத்தொன்பது வருஷம் ஆகிறது, நான் வாய் திறக்கவில்லை. நல்லது என்றால் பட்டறை தைத்தது. நழுவியது என்றால் அக்கா தைத்தது.

இந்த மாதக் கடைசிக்குள் அறுத்துப் பார்த்து எழுது. இல்லாவிட்டால் நானே டாக்டருக்கு எழுதுவேன், அவர் முன்னால் அறுக்கச் சொல்வேன்.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

அறுத்துவிட்டேன். பெயிண்டரையும் கூட வைத்துக்கொண்டுதான்.

உன் தையல் ஒன்றுகூட விடவில்லை. கத்தி நுழைய இடம் கிடைக்காமல் மூன்று இடத்தில் தோலையே கிழிக்க வேண்டி வந்தது. “அக்கா கை கவ்வின மாதிரி இருக்கு” என்றான் பெயிண்டர். தோல் நழுவவில்லை. கீழே ஓடுதான் நழுவியிருக்கிறது. ஐந்து அடைப்பில் மூன்று விட்டுப் போய், ஓடு இரும்பு வளையத்தின் மேல் இரண்டு விரற்கடை நகர்கிறது. அது நகர்ந்து வந்து முட்டியதில்தான் தோல் மடிந்திருக்கிறது.

நீ நினைத்ததுதான், தப்பு கீழே. இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். முடிக்க முடியவில்லை.

பெயிண்டர் துருவைச் சுரண்டித்தான் அடைத்தான், நான் பார்த்தேன். சுரண்டினாலும் சில சமயம் பிடிக்காது. பழைய இரும்பு, கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் ஊறிக் கிடக்கும். அதற்காகத்தானே நம்மிடம் முறுக்கு என்று ஒன்று இருக்கிறது? தோல் ஏறுவதற்கு முன்னால் நான் ஸ்டியரிங்கை மேசை இடுக்கியில், அந்த வைஸில் கட்டுவேன். நீ இரண்டு கையாலும் பிடித்து, உடம்புக் கனம் முழுக்கப் போட்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று முறுக்குவாய். பிடிக்காத அடைப்பு அங்கேயே விட்டுவிடும். விடாவிட்டால் “நின்னுச்சு” என்பாய். தேறியது, தைக்கலாம் என்று நான் நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். தைக்கிறவள் கைதான் முறுக்க வேண்டும், வேறு யாரும் கூடாது என்பது நீ போட்ட சட்டம்.

முதல் கடிதத்தில் அன்றைய நாளை மணிக்கணக்காக எழுதியிருக்கிறாய். டீயில் சர்க்கரை இல்லாததை எழுதினாய். தையலை எண்ணி எழுதினாய். டீக்கும் ஊசிக்கும் நடுவில் முறுக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. உனக்கு மறதி கிடையாது. நான்கு நாள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ அன்று முறுக்கவில்லை அக்கா. கையை வைத்தாய். குனிந்தாய். காலை ஊன்றினாய். முறுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாய். உன் முழங்கை நகரவே இல்லை. “நின்னுச்சு” என்றாய். நான் வட்டம் போட்டேன்.

அதனால்தான் டாக்டரிடம் கை தளர்ந்து போச்சு என்றேன். முறுக்காமல் கொடுத்தோம் என்றால் போலீஸ் வரை போகும். வயதான கை தளர்ந்தது என்றால் பாவம் என்று விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டார்கள். உனக்குச் சின்ன அவமானம் போதும், பெரியது வேண்டாம் என்று நினைத்தேன். அறுக்காமல் இருந்ததும் அதற்காகத்தான்.

இதை உன்னிடம் சொல்லாமலே செத்துப் போயிருப்பேன். ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அதற்கு முந்தின வாரம் டீச்சரம்மா வண்டி ஸ்டியரிங்கைத் தைத்துக் கொடுத்தோம். அதை முறுக்கிய அன்று நான் இரும்பு வாங்க வெளியே போயிருந்தேன், பெயிண்டர்தான் வைஸில் கட்டினான். “அக்கா நின்னுச்சுன்னாங்க, நான் திரும்பிப் பார்க்கல” என்கிறான். அந்த அம்மா தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதை முறுக்கினாயா?

தம்பி

*

மார்ச் 26

தம்பிக்கு,

முறுக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த உடனே மகளை விட்டு உனக்குப் போன் செய்யச் சொன்னேன், டீச்சரம்மா வண்டியை எடுக்க வேண்டாம் என்று. அவள் காரணம் கேட்டாள். சொன்னேன். என் மகள் என்னை அப்படிப் பார்த்தது இல்லை.

அந்த இரண்டுதான். அதற்கு முந்தினதெல்லாம் என் கையால் முறுக்கியது. என்ன ஆயிற்று என்று எழுது.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நின்றது.

உன் மகள் போன் செய்த அரை மணியில் நானும் பெயிண்டரும் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டோம். டீச்சரம்மா கணக்குப் பாடத்தின் நடுவில் வெளியே வந்து, “இத்தனை மாசம் கழிச்சு என்ன சர்வீஸ்?” என்றார்கள். சும்மா ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லி ஸ்டியரிங்கைக் கழற்றிக்கொண்டு வந்தோம். இரண்டு நாள் பஸ்ஸில் போனதற்கு இன்னும் திட்டுகிறார்கள். தோலோடுதான் வைஸில் கட்டினேன். நான் முறுக்கினேன், பெயிண்டர் முறுக்கினான், இருவரும் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை. பிறகு நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பெயிண்டர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

ஆகவே முடிந்தது அக்கா. பல் டாக்டர் ஒன்றுதான், அதுவும் தீர்ந்துபோன விஷயம். அவரிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பெயிண்டர் வாய் திறக்க மாட்டான். நீ வந்துவிடு. இனிமேல் முறுக்கு என் பொறுப்பு, நீ தைத்தால் போதும். நல்ல நாற்காலி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கை வைக்க மெத்தையோடு. வேண்டும்போது தை, வேண்டாதபோது உட்கார்ந்திரு.

உன் கை எப்போதிருந்து வலிக்கிறது? அதை மட்டும் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

டீச்சரம்மா ஸ்டியரிங் நின்றது என்பதை இரண்டு தடவை படித்தேன். அது நின்றது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. பெயிண்டர் கை நல்ல கை, அவ்வளவுதான்.

வலது மணிக்கட்டு செப்டம்பரிலிருந்து. முதலில் விரல் மரத்தது, பிறகு பாத்திரம் கழுவும்போது டம்ளர் நழுவ ஆரம்பித்தது. தைக்கும்போது வலி இல்லை. ஊசி பிடிப்பது விரல், முறுக்குவது மணிக்கட்டு. காலையில் வெந்நீரில் வைத்து, துணி சுற்றி, மேலே நீளக் கை ரவிக்கை போட்டுக்கொண்டு வருவேன். உன் வீட்டுக்காரி, “என்ன அண்ணி, வெயில்ல முழுக்கை?” என்று கேட்டாள். கொசு என்றேன். சொன்னால் நீ நாற்காலி போடுவாய் என்று தெரியும். இப்போது பார், போட்டுவிட்டாய்.

டீச்சரம்மா ஸ்டியரிங்கைக் கட்டினபோது நிஜமாகவே முறுக்கத்தான் போனேன். மணிக்கட்டில் இடி இறங்கின மாதிரி இருந்தது. பெயிண்டர் வேறு பக்கம் திரும்பியிருந்தான். வாய் அதுபாட்டுக்கு “நின்னுச்சு” என்றது. அடுத்த வாரம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதல் பொய்தான் கனம், இரண்டாவது தானாக வந்தது. தையலுக்கு உட்கார்ந்தபோது மனசு சொன்னது, எழுந்திரு, தம்பியை முறுக்கச் சொல் என்று. நான் தையலை எண்ண ஆரம்பித்தேன். அதனால்தான் முன்னூற்றுப் பன்னிரண்டு என்று இன்றைக்கும் தெரிகிறது. நான் என்றைக்கும் தையல் எண்ணுகிறவள் இல்லை.

உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் முறுக்கை எழுதாமல் விட்டது தெரிந்தே விட்டதா, தெரியாமல் விட்டதா என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அந்த இடம் வரும்போது பேனா ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஊசியில் நூல் கோத்தேன் என்று எழுதினேன்.

பெரியவருக்கு நேற்றே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். டாக்டர் ஆஸ்பத்திரி விலாசம் எனக்குத் தெரியும். முறுக்கவில்லை, கை வலியை மறைத்தேன், தையல் தளர்ந்தது என்று என் தம்பி சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று எழுதினேன். உன் வட்டத்தைப் பற்றி எழுதவில்லை. அதை எழுத வேண்டியது நீ. எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். போலீஸ் வந்தால் இங்கே வரட்டும், மகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதருக்குக் கை தோளுக்கு மேல் போகவில்லை. ஏன் போகவில்லை என்றாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

பேத்திக்கும் பதில் சொல்லிவிட்டேன். ஆமாம், ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றேன். “அப்ப ஹோம்வொர்க் சொல்லித் தருவியா?” என்றாள். ஐந்தாவதுவரைக்கும் தருவேன் என்றேன்.

தோல் கேட்டு மூன்று தடவை வந்தவரிடம் உண்மையைச் சொல்லு. அக்கா ஊருக்குப் போகவில்லை, அக்காவுக்குக் கை போய்விட்டது. சோகமாகச் சொல்லாதே, சும்மா சொல்லு. தைக்கிறவர்கள் வேறு இடத்தில் இருப்பார்கள், தேடிப் பிடி. யார் வந்தாலும் முறுக்குகிற கைதான் தைக்க வேண்டும். நான் அதை மீறினேன் என்பதற்காகச் சட்டத்தை மாற்றாதே. நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

இப்போது அன்றைக்கு இருந்த ஆறு பேருக்கு வருகிறேன். பெயிண்டர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. துருவைச் சுரண்டவில்லை என்று எழுதியது என் வாய்க்கொழுப்பு, அவனிடம் சொல்லிவிடு. உன் வீட்டுக்காரி சர்க்கரையைக் குறைத்தது சரிதான், இங்கே டாக்டரும் அதையேதான் சொன்னார். பல் டாக்டர் பாவம், புது ஸ்டியரிங் ஆசையில் மாமனாரை ஏற்றிக்கொண்டு போனவர். பெரியவர் என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் பாடு, நான் கேட்கவில்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் செய்தது பொய். பொய்யோடு எப்படி இருப்பது என்று இந்த ஐந்து மாதத்தில் பழகிவிட்டேன், இனி உண்மையோடும் பழகிக்கொள்வேன்.

ஆனால் நீ பார்த்தாய். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என் முழங்கை நகரவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. “என்னக்கா, கை வலிக்குதா? தள்ளு” என்று ஒரு வார்த்தை போதும். கோபப்பட்டிருப்பேன், கத்தியிருப்பேன், மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன். உனக்கு அது பழக்கம்தானே? பெரியவர் தோள் முழுசாக இருந்திருக்கும். வேறு எவன் இப்படி முறுக்காமல் நின்னுச்சு என்றிருந்தாலும் நீ ஸ்டியரிங்கைப் பிடுங்கி அவனைத் தெருவில் தள்ளியிருப்பாய். என்னை அப்படிச் செய்ய உனக்கு மனசு வரவில்லை. நாற்பத்தாறு வருஷம் உன் பக்கத்தில் நின்று வேலை செய்தவளை, அந்த ஒரு நிமிஷத்தில், சமாளித்துக்கொண்டு போக வேண்டிய கிழவியாக ஆக்கிவிட்டாய். பாவம் பார்த்துவிட்டாய்.

போனை இனி எடுப்பேன். பேசுவேன். உனக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடி வருவேன், நீ கூடப் பிறந்தவன். ஆனால் அந்த ஆறு பேரில் நான் மன்னிக்க மாட்டாத ஒருத்தர் யார் என்று உனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தம்பி, அது நீ.